பதினோராவது பாட்டி

நடுவர் அவர்களே, காரைக்குடிப் பெருமக்களே, வணக்கம். ரெடிஸ் தரவுத்தளத்தில் வரிசைத் தொகுப்பு என்று ஒன்று உண்டு. அதில் ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு மதிப்பெண்; குறைந்ததிலிருந்து கூடியது வரை அடுக்கி, 0-இலிருந்து இடம் எண்ணும். அதிலிருந்து ஆட்களை எடுக்க எது மேல், இடமா, மதிப்பெண்ணா? நான் மதிப்பெண் கட்சி.

எதிரணித் தலைவர் ஒரு போடு போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறார். "0 முதல் 9 வரை என்று இடம் சொன்னால் பத்துப் பேர், கணக்கு முடிந்தது. மதிப்பெண் சொல்லிக் கேட்பவர்கள், எத்தனை பேர் வருவார்கள் என்று தெரியாமலே இலை போடுகிறவர்கள்!" நீங்களும் கைதட்டினீர்கள். ஐயா, செட்டிநாட்டுக்கு வந்து இலையைப் பற்றியா பேசுவது? தலை எண்ணாமல் இங்கே எந்த வீட்டில் பந்தி போட்டார்கள்? எங்களுக்கும் எண்ணத் தெரியும். இசட்கவுண்ட் என்று ஒரு கட்டளை இருக்கிறது. இந்த மதிப்பெண்ணிலிருந்து அந்த மதிப்பெண் வரை எத்தனை பேர் என்று, ஒருவரையும் வெளியே எடுக்காமலே சொல்லிவிடும். பத்துக்கு மேல் வேண்டாமா? லிமிட் போடுங்கள், பத்தோடு நிற்கும். சரி, வேகமாவது குறையுமா? பத்து லட்சம் பேர் இருந்தாலும் இரண்டு வழியிலும் சில பத்துத் தாவல்களில் தொடக்க ஆளைப் பிடித்துவிடலாம்.

இப்போது கதைக்கு வருகிறேன். கானாடுகாத்தானில் ஒரு கல்யாண வீடு. மொய் நோட்டு முழுவதையும் பேரன் ரெடிஸில் ஏற்றிவிட்டான். பெயர் உறுப்பு, தொகை மதிப்பெண். ஆச்சி கேட்டார்: "தம்பி, நூத்தியொண்ணும் அதுக்குக் கீழேயும் எழுதினவங்க யாருப்பா? அவங்களுக்குத்தான் முதல்ல பலகாரம் போகணும்." பேரன் 0 முதல் 9 வரை எடுத்தான். பத்துப் பெயர். ஆச்சி விரல்விட்டு எண்ணினார். "கீழவீதிப் பாட்டி எங்கே?" மறுபடி எடுத்தான். அதே பத்து. "அவங்களும் நூத்தியொண்ணுதானேப்பா எழுதினாங்க?"

நடந்தது இதுதான். மதிப்பெண் சமமாக இருந்தால் ரெடிஸ் பெயரின் எழுத்துப்படி அடுக்கும். பாட்டியின் பெயர் 'வ'வில் தொடங்குகிறது. அதே 101 கொடுத்தும் பதினோராவது இடம். அப்புறம் பேரன் கட்டளையை மாற்றினான்: கீழே எல்லை இல்லை, மேலே 101. பாட்டி வந்தார்! 101-க்கு முன்னால் ஒரு பிறை அடைப்புப் போட்டிருந்தால் 101 கொடுத்தவர் எல்லோரும் விலகியிருப்பார்கள். போடவில்லை, எல்லோரும் வந்தார்கள். இடத்துக்கு ஒன்று, மதிப்பெண்ணுக்கு ஒன்று என்று அதுவரை இரண்டு கட்டளையாக இருந்ததை 2021-இல் ரெடிஸின் 6.2 பதிப்பு இசட்ரேஞ்ச் என்ற ஒரே கட்டளைக்குள் கொண்டுவந்தது. பைஸ்கோர் என்று ஒரு சொல் சேர்த்தால் போதும். ஒரு சொல்தான் ஐயா!

அந்த 101 ரூபாயைப் பாட்டி எப்படிச் சேர்த்திருப்பார்? முறுக்குச் சுட்டு விற்ற காசு. முந்தானையில் முடிந்து வைத்து, கசங்கிய நோட்டை நீவி நீவிக் கொடுத்த காசு. பெயர் 'வ'வில் தொடங்கியது அவர் குற்றமா? பத்தோடு கதவைச் சாத்திவிட்டு, "கணக்கு முடிந்தது" என்று அந்தத் தாயிடம் யார் போய்ச் சொல்வது? நடுவர் அவர்களே, எதிரணி வீட்டிலும் ஒரு பாட்டி இருப்பார். அவரை நினைத்துக்கொண்டு தீர்ப்பை எழுதுங்கள்.