மறுபடியும் அதே தேவதைக் கதையா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

அடுத்த கேள்விக்கு வருவோம். "சிண்ட்ரெல்லா, ரபுன்ஸல் எல்லாம் சின்ன வயதிலேயே கேட்டு முடித்த கதைகள். அதையே எடுத்து நீட்டி முழக்கி ஃபேண்டசி நாவலாக எழுதுகிறார்களே, சொந்தக் கற்பனை இல்லாதவர்கள் செய்யும் வேலைதானே இது? மூலக் கதையைக் கெடுப்பதாகாதா?" என்று ஒரு நண்பர் கேட்டிருக்கிறார்.

நியாயமான சந்தேகம்தான். முதலில் அந்த மூலக் கதையைப் பார்த்துவிடுவோம். ஜெர்மானிய நாட்டுப்புறக் கதைகளைத் திரட்டிய கிரிம் சகோதரர்களின் தொகுப்பு முதலில் வந்தது 1812-இல். அதில் ஸ்னோ ஒயிட்டைக் கொல்லச் சொல்பவள் பெற்ற தாயேதான். 1819 பதிப்பில் அவள் மாற்றாந்தாய் ஆகிவிட்டாள். ரபுன்ஸல் கதையும் அப்படித்தான். முதல் பதிப்பில் அந்தப் பெண், தன்னைக் கோபுரத்தில் அடைத்துவைத்தவளிடம், "என் உடையெல்லாம் ஏன் இறுக்கமாகிக்கொண்டே போகிறது?" என்று வெகுளியாகக் கேட்பாள். இளவரசன் கோபுரத்துக்கு வந்துபோவது அந்த ஒரு கேள்வியிலேயே அம்பலமாகிவிடும். குழந்தைகள் படிக்கிற புத்தகத்தில் இது வேண்டாம் என்று பின்னால் மாற்றினார்கள். 1857 வரை இப்படித் திருத்திக்கொண்டேதான் இருந்தார்கள். அப்படியானால் இதில் எதை மூலம் என்று பிடித்துக்கொள்வது? வாய்மொழியாக வந்த கதை ஒவ்வொருவர் வாயிலும் கொஞ்சம் மாறித்தான் வந்திருக்கிறது.

நமக்கும் இது புதிதில்லை. ராமாயண அகலிகையின் கதையைத் திருப்பிச் சொல்லும் புதுமைப்பித்தனின் 'சாபவிமோசனம்' சிறுகதையைப் படித்தவர்களுக்குத் தெரியும், அகலிகை ஏன் மறுபடியும் கல்லானாள் என்று.

சரி, நல்ல மறுகதை என்ன செய்கிறது? பழைய கதை வேகமாகத் தாண்டிப்போன ஓர் இடத்தில் நின்றுவிடுகிறது. ரம்பெல்ஸ்டில்ட்ஸ்கின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். மாவு மில்காரர் ஒருவர், தன் மகள் வைக்கோலைப் பொன்னாக நூற்பாள் என்று அரசனிடம் புளுகிவிடுகிறார். நூற்காவிட்டால் தலை போகும் என்கிறான் அரசன். ஒரு குள்ள மனிதன் வந்து நூற்றுக் கொடுக்கிறான். முதல் இரவு கூலி கழுத்து மாலை, இரண்டாம் இரவு மோதிரம், மூன்றாம் இரவு அவளுக்குப் பிறக்கப்போகும் தலைப்பிள்ளை. குழந்தையைக் கேட்டு வரும்போதும் அழுகிறாளே என்று இரங்கி மூன்று நாள் தவணை தருகிறான்: என் பெயரைக் கண்டுபிடித்தால் பிள்ளை உனக்கே.

இப்போது யோசித்துப் பாருங்கள். பொய் சொன்னவர் அப்பா. கொலை மிரட்டல் விட்டவன் அரசன். சொன்ன சொல்லைக் காப்பாற்றியவன் அந்தக் குள்ளன். ஆனால் கதையில் வில்லன் அவன்தான்! இன்னொன்றும் இருக்கிறது, என்னை ரொம்ப நாள் உறுத்தியது இதுதான். ஒரு பெயரைக் கண்டுபிடிப்பதில்தான் கதையின் முடிச்சே இருக்கிறது, ஆனால் அந்தப் பெண்ணுக்குக் கடைசிவரை பெயர் கிடையாது. மில்காரர் மகள், அப்புறம் ராணி. அவ்வளவுதான்.

நவோமி நோவிக் 2018-இல் எழுதிய 'ஸ்பின்னிங் சில்வர்' நாவல் இந்த இடத்தில்தான் கைவைக்கிறது. அதன் நாயகிக்குப் பெயர் உண்டு, மிரியம். யூத வட்டிக்காரர் ஒருவரின் மகள். அப்பாவுக்குக் கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்க வாய் வராது. ஊர் அவர் பணத்தில் நன்றாக வாழ, அவர் வீட்டில் குளிரும் பசியும்தான். ஒருநாள் மிரியமே கூடையை எடுத்துக்கொண்டு வீடு வீடாக வசூலுக்குக் கிளம்புகிறாள். வெள்ளியைப் பொன்னாக்குவேன் என்று அவள் சொன்ன பேச்சு, பனிக்காட்டு அரசன் காதில் விழுகிறது. மந்திர வெள்ளிக் காசுகளைக் கொண்டுவந்து, ஆக்கிக் காட்டு என்கிறான். அவள் என்ன செய்கிறாள் தெரியுமா? நகைக்காரரிடம் கொடுத்து மோதிரம் செய்து, அதைப் பொன்னுக்கு விற்றுவிடுகிறாள். அவளுடைய மந்திரம் வியாபாரம்தான்! இந்த இடத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஐரோப்பிய நாட்டுப்புறக் கதைகளில் யூதர் மீது எவ்வளவு வெறுப்பு படிந்திருக்கிறது என்று தெரிந்தவர்களுக்கு, மிரியம் கணக்குச் சொல்லும் ஒவ்வொரு வரியும் கனமாக இருக்கும்.

கேத்தரின் ஆர்டனின் 'தி பேர் அண்ட் தி நைட்டிங்கேல்' நாவல் வேறு மாதிரி. பழைய ரஷ்யாவில் வீட்டைக் காக்கும் டொமொவோய் என்கிற ஆவிக்கு ரொட்டி வைக்கும் பழக்கத்தை, புதிதாக வந்த பாதிரியாருக்குப் பயந்து மக்கள் கைவிடுகிறார்கள். அந்த ஆவி மெலிந்துகொண்டே போவதை ஒரு சிறுமி பார்க்கிறாள். ஒரு நம்பிக்கை சாவதை இவ்வளவு கிட்டத்தில் காட்டிய ஃபேண்டசி எனக்கு அதிகம் தெரியாது.

எல்லா மறுகதையும் நன்றாக இருக்கிறது என்று சொல்லமாட்டேன். இளவரசி கையில் ஒரு வாளைக் கொடுத்துவிட்டு, மற்றதெல்லாம் பழையபடியே விட்டுவிடும் நாவல்கள் நிறைய உண்டு. அவற்றைப் பற்றி நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஏஞ்சலா கார்ட்டர் 1979-இலேயே மனைவிகளைக் கொல்லும் நீலத்தாடிக்காரன் கதையில், கடைசியில் காப்பாற்ற வரும் சகோதரர்களுக்குப் பதில் பெண்ணின் அம்மாவைக் குதிரையில் துப்பாக்கியோடு வரவைத்தாரே, அதை அப்படித் தள்ளிவிட முடியாது. மகளைக் காப்பாற்ற அம்மா ஏன் வரவில்லை என்று அதற்குமுன் நாம் கேட்டோமா?

ஆரம்பிக்க நினைத்தால் இப்படிச் செய்யுங்கள். முதலில் ரம்பெல்ஸ்டில்ட்ஸ்கின் பழைய கதையைப் படியுங்கள், பத்து நிமிடம்கூட ஆகாது. உங்களை உறுத்துகிற இடத்தைக் குறித்து வையுங்கள். அப்புறம் நோவிக்கின் நாவலை எடுங்கள். நீங்கள் குறித்த இடமும் அவர் நின்ற இடமும் ஒன்றா வேறா என்று கமெண்டில் எழுதுங்கள், எனக்கும் தெரிந்துகொள்ள ஆசை.