இறங்கும்போதுதான் தெரியும்

நேயர்களுக்கு வணக்கம். மேட்டுப்பாளையத்தில் ரொம்ப வருடமாக கார் பட்டறை வைத்திருக்கிறேன். அரையாண்டுப் பரீட்சை முடிந்து லீவு விட்டால் போதும், விடியற்காலையிலிருந்தே ஊட்டிக்குப் போகிற வண்டிகள் எங்கள் ஊரில் வரிசை கட்டி நிற்கும். ஏறுகிற வண்டி எதுவும் என் பட்டறைக்கு வருவதில்லை. இறங்கி வருகிற வண்டிதான் வரும்.

போன வருடம் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் மலையடிவாரத்துக் கல்லாரிலிருந்து போன் வந்தது. போய்ப் பார்த்தால், முன்சக்கரம் இரண்டிலும் புகை, கருகிய வாடை. வண்டிக்காரர் அதற்குள் ஒரு பாட்டில் தண்ணீரைச் சக்கரத்தில் ஊற்றிவிட்டிருந்தார். பின் சீட்டில் பாட்டி வர்க்கிப் பொட்டலத்தை மடியில் வைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எந்த கியர்லங்க இறங்கினீங்க?”

“நியூட்ரல்லதாங்க. இறக்கம்தானே, பெட்ரோல் மிச்சமாகுமேன்னு...”

அங்கேதான் தப்பு. இப்போதைய கார்களில் கியரில் வைத்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், இன்ஜின் தானாகவே பெட்ரோலை நிறுத்திக்கொள்ளும். நியூட்ரலில் விட்டால்தான் ஐடிலிங்குக்குக் கொஞ்சம் குடிக்கும். மிச்சமும் இல்லை, இன்ஜின் பிடித்து நிறுத்துகிற உதவியும் இல்லை.

ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். எங்கள் ஊர் முந்நூற்றுச் சொச்சம். கிட்டத்தட்ட இரண்டு கிலோமீட்டர் உயரத்திலிருந்து ஒன்றரை டன் வண்டியை பிரேக் மட்டுமே பிடித்து இறக்கினால், அந்த வேகமெல்லாம் சூடாகிப் பிரேக்கில்தான் சேரும். ஏறும்போது எந்த கியரோ, இறங்கும்போதும் அதே கியர் என்று பழைய லாரி டிரைவர்கள் சொல்வார்கள். ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் மேனுவல் மோடோ எல் என்கிற லோ கியர் பொசிஷனோ இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்து வையுங்கள்.

அப்புறம் பிரேக் ஆயில். நிறையப் பேர் இதை மாற்றுவதே இல்லை. இந்த ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 என்கிற ரக ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும். ஈரம் ஏறிவிட்டால் 140 டிகிரியிலேயே கொதித்துவிடும். உள்ளே ஆவிக் குமிழி உண்டானால் பெடல் பஞ்சுபோல் அமுங்கும், வண்டி நிற்காது. அதுவும் பதினான்கு கொண்டை ஊசி வளைவு இருக்கிற இந்தப் பாதையில். புது ஆயில் வெளிர் மஞ்சளாக இருக்கும். உங்கள் வண்டியில் கடுங்காப்பி நிறத்தில் இருந்தால், கிளம்புவதற்கு முன் மாற்றிவிடுங்கள். கருக்கவில்லை என்றாலும் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றுவது நல்லது. ஊட்டியில் குடும்பத்தோடு ஒரு வேளை சாப்பிடுகிற காசுதான் ஆகும்.

குளிருக்கு வருகிறேன். டிசம்பர், ஜனவரியில் ஊட்டியை ஒட்டிய தலைகுந்தா பக்கம் காலையில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைபனி படிந்திருக்கும். சமவெளியில் ஒரே தட்டில் ஸ்டார்ட் ஆகிற வண்டி அங்கே முனகும். பேட்டரிக்கு மூன்று நாலு வயது ஆகியிருந்தால் அது தாங்குமா என்று லோடு டெஸ்ட் பார்த்துவிடுங்கள். முன்கண்ணாடியில் பனி உறைந்திருந்தால் வெந்நீர் ஊற்றாதீர்கள். லாட்ஜ் பையன் ஆசையாக வாளியோடு வருவான், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், கண்ணாடி விரிசல் விட்டுவிடும். பழைய ஏடிஎம் கார்டால் சுரண்டினாலே போதும். உள்பக்கம் ஆவி படிந்தால் ஏசியைப் போடுங்கள். குளிரில் ஏசியா என்று வீட்டில் கேட்பார்கள். ஏசிதான் ஈரத்தை இழுக்கும், கூடவே ஹீட்டரைத் திருப்பிக்கொண்டால் குளிராது.

மூடுபனியில் ஹைபீம் போட்டால் வெளிச்சம் உங்கள் கண்ணுக்கே திரும்பி வரும். லோபீம் போதும். நாலு இண்டிகேட்டரையும் மினுக்கிக்கொண்டே ஓட்டுவது ஒரு பழக்கமாகிவிட்டது. நீங்கள் எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்று பின்னால் வருகிறவனுக்கு எப்படித் தெரியும்?

டயரில் பட்டன் தேய்ந்திருக்கிறதா என்று எல்லோரும் பார்க்கிறார்கள். ஸ்டெப்னியை யாரும் பார்ப்பதில்லை. டிக்கி நிறையப் பெட்டி, அதற்கடியில் காற்றே இல்லாத ஸ்டெப்னி! கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலில் ஒரு தடவை ஜாக்கி போட்டுச் சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். பாதிப் பேருக்கு வீல் ஸ்பேனர் எங்கே இருக்கிறதென்று அன்றைக்குத்தான் தெரியும்.

ஊட்டிக்குப் போக ஆன்லைனில் எடுக்கிற அனுமதிச் சீட்டான இ-பாஸையும் வீட்டிலேயே எடுத்துவிடுங்கள்.

இறங்கும்போது வழியில் பர்லியாரில் கால் மணி நேரம் நிறுத்தி டீ குடியுங்கள், பிரேக் ஆறட்டும். தண்ணீர் மட்டும் ஊற்றாதீர்கள், டிஸ்க் கோணிவிடும். சரிவில் நிறுத்தினால் கியரில் போட்டு, சக்கரத்துக்கு ஒரு கல்லை வையுங்கள். கிளம்பும்போது அந்தக் கல்லை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டுப் போங்கள். மூடுபனியில் நடுரோட்டில் கிடக்கிற கல்லில் ஏறி விழுந்த பைக்குகளும் என் பட்டறைக்குத்தான் வருகின்றன. வணக்கம்.