சந்தை ஆடும் வீட்டு ஆடும்

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். நல்ல ஆடு பார்த்து வாங்குவது எப்படி என்று பேச அழைத்திருக்கிறார்கள். பார்த்துப் பார்த்து வாங்கியும் ஓர் ஆட்டைப் பறிகொடுத்தவன் நான். அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

எட்டயபுரத்தில் சனிக்கிழமைதோறும் ஆட்டுச் சந்தை கூடுகிறது. அங்கே மனத்துக்குப் பிடித்த ஆட்டைச் சற்று எட்ட நின்று, நடக்கவிட்டுப் பாருங்கள். கூட்டத்தை விட்டு ஒதுங்கித் தலையைத் தொங்கவிட்டு நிற்கும் ஆடு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். பிறகு பல்லைப் பாருங்கள். பால்பல் விழுந்து இரண்டு நிலைப்பல் போட்டிருந்தால் ஒரு வயதைக் கடந்த இளம் ஆடு. எட்டும் போட்டுக் கடைசேர்ந்துவிட்டால் நான்கு வயதை ஒட்டியது. நான் முக்கியமாகக் கருதுவது கண்ணைத்தான். கீழ் இமையைக் கட்டைவிரலால் மெல்ல இழுத்தால் உட்புறம் இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். அது காகிதம்போல் வெளுத்திருந்தால், பெரும்பாலும் குடற்புழு அதன் இரத்தத்தைக் குடித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். வாலடியில் கழிச்சல் ஒட்டியிருக்கிறதா, மடியில் கட்டி இருக்கிறதா என்பதையும் தொட்டே பார்த்துவிடுங்கள்.

இவை அனைத்தையும் பார்த்துத்தான் நான் செங்கன்னி வகை ஆடு ஒன்றை வாங்கினேன். ஒரு குறையும் தெரியவில்லை. அன்று மாலையே அதை மற்ற ஆடுகளோடு பட்டியில் அடைத்தேன். நான் செய்த தவறு அதுதான். நான்காம் நாள் அதற்கு மூக்கு ஒழுகியது. அடுத்த வாரம் என் வீட்டில் பிறந்து வளர்ந்த பால்கன்னி ஆட்டுக்குக் காய்ச்சல் கண்டு, வாய் புண்ணாகி, கழிச்சலும் சேர்ந்துகொண்டது. ஆட்டுக்கொல்லி நோய். வைத்தியம் பார்த்தும் ஐந்தாம் நாள் விடியற்காலையில் அது போய்விட்டது. வாங்கி வந்த ஆடோ பிழைத்துக்கொண்டது.

நோய் உள்ளே இருந்தும் வெளியே தெரியாத சில நாட்கள் உண்டு. அந்த நாட்களில் எந்தக் கண்ணுக்கும் அது பிடிபடாது. ஆகவே வாங்கிய ஆட்டை மூன்று நான்கு வாரமாவது தனியே கட்டி, தனித் தொட்டியில் தண்ணீர் வைக்க வேண்டும். இந்த நோய்க்குத் தடுப்பூசி இருக்கிறது; நான்கு மாதக் குட்டிக்கே போடலாம். நான் தள்ளிப்போட்டேன்.

ஆடு இறந்துவிட்டால் அந்தத் துயரத்திலும் கால்நடை மருத்துவருக்குத் தகவல் சொல்லுங்கள். அறுத்துப் பார்த்து அவர் காரணத்தைச் சொன்னால்தான் மிஞ்சியவற்றைக் காப்பாற்ற முடியும். காப்பீடு செய்திருந்தால் காதில் மாட்டியிருக்கும் அடையாள வில்லையைக் கழற்றாதீர்கள். ஆழக் குழிவெட்டிச் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். இறந்ததைக் கறிக்கு விற்றுவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

“ஆடுதானே, இன்னொன்று வாங்கிக்கொள்” என்று உறவினர் சொன்னார்கள். அந்த ஆடு பிறந்தபோது சாக்கில் துடைத்து அதன் மூக்குச் சளியை எடுத்தவன் நான். எனக்கு அந்தச் சொல் ஆறுதலாக இல்லை. பிழைத்த ஆட்டின்மீது சில நாள் கோபம்கூட இருந்தது. அதற்கு என்ன தெரியும்? புதைத்த மறுநாள் பழக்கத்தில் ஆட்டுக்கு ஒன்றாகப் பதின்மூன்று கட்டு அகத்திக்கீரை கட்டிவிட்டேன். ஒரு கட்டு மிஞ்சியது. அதை என் மனைவி ஒன்றும் சொல்லாமல் எடுத்துக்கொண்டுபோய்த் தனியே நின்ற செங்கன்னியின் முன்னால் கட்டித் தொங்கவிட்டாள்.