எந்தப் பருவம் நல்ல பருவம்? குடமுருட்டிக் கரையில் கேட்டுத் திரிந்த ஒரு வாரம்

வணக்கம். குடமுருட்டி ஆற்றின் படித்துறையில் உட்கார்ந்து இதைப் பேசுகிறேன். பின்னால் கேட்கும் இரைச்சல் சட்ரஸ் என்று நாங்கள் சொல்லும் மதகு வழியாக இறங்கும் தண்ணீருடையது. ஒலிப்பதிவுக்கு அது இடையூறுதான், ஆனால் அதற்காக இடத்தை மாற்ற எனக்கு மனம் வரவில்லை. கடந்த ஒரு வாரமாகத் திருவையாற்றுக்கும் பாபநாசத்துக்கும் இடைப்பட்ட ஊர்களில், தேநீர்க் கடை, கோயில் வாசல், குறுவை நெல்லைக் குவித்துக் காத்திருப்போர் நிறைந்த கொள்முதல் நிலையம் என்று சுற்றி, எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் ஒரே கேள்வியைக் கேட்டேன்: உங்கள் வாழ்நாளில் மிகவும் மகிழ்ச்சியாக இருந்த பருவம் எது? பெரும்பாலோர் கேமராவைக் கண்டதும் கையால் மறைத்துக்கொண்டார்கள். ஆகவே அவர்கள் சொன்னதை நானே சொல்கிறேன்.

ஆண்கள் யாரும் அதிகம் யோசிக்கவில்லை. ஐம்பதைக் கடந்த அநேகமாக எல்லோரும் பத்து வயதுக்கும் பதினைந்து வயதுக்கும் இடைப்பட்ட காலத்தைச் சொன்னார்கள். சொன்ன உடனே ஆற்றுக்குள் இறங்கிவிட்டார்கள். ஜூன் 12-ஆம் தேதி மேட்டூரில் திறக்கும் தண்ணீர் சில நாட்களில் கல்லணைக்கு வரும். அங்கிருந்து பிரிந்து, வறண்டு கிடக்கும் மணலின் மீது நுரையையும் சருகையும் தள்ளிக்கொண்டு எங்கள் ஆறுகளுக்குள் நுழையும்போது, அதன் தலைமுனைக்கு முன்னால் வெறும் காலுடன் ஓடிய பையன்களாகத்தான் இவர்கள் இன்றும் தங்களை நினைத்துக்கொள்கிறார்கள். பிறகு ஆடிப் பதினெட்டு, சப்பரத்தட்டி என்ற சின்னத் தேரை இழுத்துக்கொண்டு போனது, காப்பரிசி, கரையோரப் பூவரச மரத்திலிருந்து குதித்தது. எழுபத்தெட்டு வயதான ஒருவர், மடுவில் குதித்தவன் அடி மணலை அள்ளிக்கொண்டு மேலே வந்தால்தான் ஆழம் வரை போனதை மற்றவர்கள் ஒப்புக்கொள்வார்கள் என்றார். அதைக் கேட்டபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. புறநானூற்றின் 243-ஆம் பாடலில், கோலூன்றி நடுங்கி, இருமலுக்கு இடையே சில சொற்களைப் பேசும் முதியவர் ஒருவர், மருத மரத்துத் துறையில் நீர்மேல் தாழ்ந்த கிளையேறி, கரையில் நிற்பவர்கள் திகைக்க மடுவில் குதித்து, மணலோடு மேலெழுந்த தம் இளமையைத்தான் நினைத்து ஏங்குகிறார். தேநீர்க் கடைக்காரர் கொடுத்த கண்ணாடிக் குவளையைப் பிடித்திருந்த இந்தப் பெரியவருக்கு அந்தப் பாடல் தெரியாது, நானும் சொல்லவில்லை.

ஆனால் ஆறு எல்லாத் தலைமுறைக்கும் வாய்க்கவில்லை. 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறக்கப்படவில்லை. அந்த ஆண்டுகளில் சிறுவர்களாக இருந்தவர்களுக்கு ஆறு என்பது கிரிக்கெட் ஆடும் மணல்வெளி. அவர்களில் ஒருவர், இப்போது இருபது வயது, பாலிடெக்னிக் முடித்தவர், தன்னுடைய மிக நல்ல காலம் 2020 என்று சொன்னபோது தவறாகக் கேட்டுவிட்டேனோ என்று திரும்பவும் கேட்டேன். ஊரடங்கில் பள்ளி மூடிக் கிடந்தது. எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு அந்த ஆண்டுதான் உரிய தேதியில் அணை திறந்தது. பதினைந்து வயதில் நாள் முழுவதும் தனக்கும் ஆற்றுக்கும் நடுவே ஒருவரும் இல்லை என்றார். உலகமே மறக்க நினைக்கும் ஆண்டு ஒருவருக்கு இப்படி அமைந்திருக்கிறது.

பெண்களிடம் கேட்டபோதுதான் நான் தயாரித்து வைத்திருந்த பேச்சு முழுவதும் வீணாயிற்று. நான் கேட்டவர்களில் அறுபதைத் தாண்டிய பெண்கள் ஒருவர்கூடச் சிறு வயதைச் சொல்லவில்லை. வயதுக்கு வந்த அன்றோடு ஆறு முடிந்தது, பதினேழில் கல்யாணம், பிறகு விடியற்காலை மூன்று மணிக்கு நெல் அவிக்கும் அடுப்பு என்று ஒருவர் மூன்றே வாக்கியங்களில் இளமையைச் சொல்லி முடித்தார். அவர்கள் சுட்டிக் காட்டியது ஐம்பத்தைந்துக்குப் பிறகான காலத்தை: கடைசிப் பெண்ணின் கல்யாணக் கடன் அடைந்த பிறகு, பத்தாயத்துச் சாவியைக் கேட்க யாரும் இல்லாத பிறகு. நடவு வேலைக்குப் போய் உடம்பு தேய்ந்த ஒரு பாட்டி, நூறு நாள் வேலைக் கூலி தன் பெயரில் வங்கிக் கணக்கில் ஏறியதைச் சொன்னார். அதுவரை அவர் கூலியை வாங்கிய கைகள் வேறு. இன்னும் மூவர், 2021 மே மாதத்திலிருந்து நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால், வாரம் ஒரு கோயில் என்று திங்களூர், சுவாமிமலை, திருநாகேசுவரம் எல்லாம் போய்வருகிறார்கள். சாமியைவிட ஜன்னலோர இருக்கையைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள் என்பதையும் பதிவு செய்கிறேன்.

நம் நூல்கள் பெண்ணின் பருவங்களைப் பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என்று ஏழாகப் பிரிக்கின்றன. கடைசிப் பருவம் நாற்பது வயதோடு நின்றுவிடுகிறது. இந்தப் பெண்கள் எந்த வயதைத் தங்கள் நல்ல காலம் என்கிறார்களோ அதற்கு அந்தப் பட்டியலில் பெயரே கிடையாது. வகுத்தவர்கள் பார்த்தது யாருடைய கண்ணால் என்பது இதிலிருந்தே விளங்குகிறது.

பொருளியல் அறிஞர்களான டேவிட் பிளாஞ்ச்ஃப்ளவரும் ஆண்ட்ரூ ஆஸ்வால்டும் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், மனநிறைவு இளமையில் உயர்ந்தும், நாற்பதுகளின் நடுவில் தாழ்ந்தும், பிறகு மீண்டும் ஏறியும் போவதாகப் பல நாடுகளின் தரவுகளைக் கொண்டு காட்டினார்கள். எனக்கு நாற்பத்தாறு வயது; பள்ளத்தின் அடியில் நின்று பேசுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த ஆய்வு மனிதர்களிடம் இப்போது எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கிறது. நானோ எப்போது நன்றாக இருந்தீர்கள் என்று கேட்டேன். நினைவு தனக்கு வேண்டியதைத்தான் எடுத்து வைத்துக்கொள்ளும். பதில்களைத் திரும்பத் திரும்பக் கேட்டதில் எனக்குப் புலப்பட்டது வேறொன்று: யாரும் வெறும் வயதைச் சொல்லவில்லை, தம் சுமையை இன்னொருவர் சுமந்த காலத்தையோ, சுமையே இறங்கிவிட்ட காலத்தையோதான் சொன்னார்கள்.

இதை என் வீட்டிலேயே சரிபார்த்துக்கொள்ள முடிந்தது. என்னுடைய நல்ல காலம் 1990-ஐ ஒட்டிய நான்கைந்து ஆண்டுகள். அம்மாவிடம் கேட்டபோது, தன்னுடைய மிகக் கடினமான காலம் என்று அவர் சொன்னதும் அதே ஆண்டுகள்தான். ஒவ்வொரு குறுவைக்கும் அவருடைய வளையல் அடகுக்குப் போனதும், அறுவடைக்குப் பிறகு அது பாதித் தடவை திரும்பி வராததும் எனக்குத் தெரியாது. தண்ணீர் வந்துவிட்டது என்பது மட்டுமே எனக்குத் தெரிந்த செய்தி. நான் ஆற்றுக்குப் போன ஒவ்வொரு நாளும், என் ஈரக் கால்சட்டை கொல்லைக் கொடியில் விழும் சத்தம் கேட்கும் வரை உலையில் அரிசி போடமாட்டாராம். முப்பத்தைந்து ஆண்டுகளாக இதை அவர் சொன்னதில்லை, நான் கேட்டதும் இல்லை. இப்போது எப்படி என்று கேட்டேன். முட்டி வலி ஒன்றைத் தவிர இதுதான் நல்ல காலம் என்றார்.

அவரையும் இந்தப் படித்துறையில் உட்கார வைத்து உங்களிடம் பேசச் சொல்லலாம் என்றிருந்தேன். காலையில் எழுந்து பார்த்தபோது, பத்து மணிப் பேருந்துக்குக் கூட்டம் ஏறிவிடும் என்று ஒன்பது மணிக்கே கிளம்பி நிறுத்தத்துக்குப் போய்விட்டிருந்தார்.