சிறுநீரகத்தின் இரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தாச்சு, இனி குளிசையை நிறுத்தலாமா?

சரி, அடுத்த கேள்வி பொகவந்தலாவைப் பக்கத்திலிருந்து ஒரு மகள் அனுப்பியது. அம்மாவுக்கு 58 வயது, இன்னும் கொழுந்து பறிக்கப் போகிறார். இடது சிறுநீரகத்துக்குப் போகிற இரத்தக்குழாய் சுருங்கி, நாலு மாதத்துக்கு முன்னால் கண்டியில் ஸ்டென்ட் வைத்தார்களாம். இப்போது பிரஷர் 130/80, அதனால் குளிசைகளை நிறுத்தலாமா, கூடையோடு மலை ஏறினால் ஸ்டென்ட் நழுவிவிடுமா என்று கேட்கிறார்.

நழுவாது மகள். அது பலூனை ஊதி குழாயின் சுவரோடு அழுத்திவைத்த உலோக வலை, நாளாக நாளாகக் குழாயின் உள்தோலே வளர்ந்து அதை மூடிவிடும். தொடையிடுக்கில் துளை போட்ட இடம் ஆறும் வரைக்கும்தான் பாரம் தூக்கக் கூடாது. அம்மாவுக்கு இதயக் கோளாறு என்று வேறு ஏதும் சொல்லாவிட்டால் கூடையை நினைத்துப் பயப்பட வேண்டாம்.

குளிசை விஷயம் அப்படி இல்லை. லயத்துக்குக் குழாயில் தண்ணீர் வருகிறது என்று வையுங்கள், கடைசிக் காம்பராவுக்குப் போகிற கிளைக் குழாய் மட்டும் அடைத்துக்கொண்டது. அந்த வீட்டுக்காரர் தன் குழாயைப் பார்க்காமல், தோட்டத்துக்கே தண்ணீர் இல்லை என்று சத்தம் போட, மேலே வால்வை முழுதாகத் திறந்துவிடுகிறார்கள், மற்ற வீட்டுக் குழாய்களெல்லாம் வெடிக்கப் பார்க்கிறது. இரத்தம் குறைவாகக் கிடைக்கிற சிறுநீரகம் செய்வதும் இதுதான். ரெனின் என்ற பொருளைச் சுரக்கும், அதனால் உடம்பு முழுக்க இரத்தக்குழாய்கள் இறுகும், உப்பும் தண்ணீரும் உடம்பில் தங்கும், பிரஷர் ஏறும். ஸ்டென்ட் அந்த அடைப்பைத்தான் திறந்தது. அம்மாவின் வயதில் இது பெரும்பாலும் கொழுப்புப் படிவால் வருவது, அந்தப் படிவு மற்றக் குழாய்களிலும் இருக்கும். அதனால் 130/80 என்பது ஸ்டென்டும் குளிசையும் சேர்ந்து கொண்டுவந்த கணக்கு.

2014 இல் வெளிவந்த கோரல் (CORAL) என்ற ஆய்வில் இப்படிச் சிறுநீரகக் குழாய் சுருங்கின 900க்கும் மேற்பட்ட நோயாளிகளைப் பார்த்தார்கள், மருந்து மட்டும் எடுத்தவர்களை விட ஸ்டென்டும் சேர்த்து வைத்தவர்களுக்கு மாரடைப்போ பக்கவாதமோ மரணமோ குறிப்பிடும்படி குறையவில்லை. அதனால்தான் பல மருந்து கொடுத்தும் பிரஷர் இறங்காதபோது, சிறுநீரகம் பழுதாகிக்கொண்டே போகும்போது, திடீர் திடீரென்று நுரையீரலில் நீர் கோர்க்கும்போதுதான் பெரும்பாலும் ஸ்டென்ட் பக்கம் போகிறார்கள்.

அஸ்பிரினும் குளோபிடோகிரெலும் இரத்தம் கட்டி ஸ்டென்டை அடைக்காமல் இருக்கத்தான். பல் பிடுங்கப் போனாலும் வைத்த டொக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். லொசார்டன், எனலாபிரில் போன்ற பிரஷர் குளிசைகளைப் புதிதாகத் தொடங்கினாலோ அளவைக் கூட்டினாலோ ஒன்றிரண்டு வாரத்தில் இரத்தத்தில் கிரியாட்டினினும் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது) பொட்டாசியமும் பார்க்க வேண்டும்.

எனக்கு உண்மையிலேயே பயம் வேறொன்றில். மலையில் நின்று நின்று முழங்கால் வலிக்கும், கடையில் டைக்ளோபெனாக், இபுபுரூபன் வாங்கிப் போட்டுக்கொள்வோம், கிளினிக்கில் அதைச் சொல்லவும் மாட்டோம். சிறுநீரகத்துக்குள் போகிற இரத்தத்தையே குறைக்கிற மாத்திரை அது, ஏற்கெனவே குழாய் சுருங்கின ஆளுக்கு வேறு வினையே வேண்டாம். வலிக்குப் பரசிட்டமோல் போதும், அதுவும் அளவோடு.

சாப்பாட்டில் கருவாடு, அச்சாறு, ரொட்டிக்குக் கட்டைச் சம்பல், இதிலெல்லாம்தான் உப்பு ஒளிந்திருக்கிறது. ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள். வெற்றிலையோடு போயிலை போடுகிறவர் என்றால் அதை விட்டே ஆக வேண்டும், திட்டினாலும் பரவாயில்லை, விடச் சொல்லுங்கள்.

அப்புறம், ஸ்டென்டுக்குள்ளேயே குழாய் மறுபடி சுருங்கலாம். முதல் வருடத்தில்தான் அது கூடுதல். குழாயில் இரத்தம் ஓடுவதைப் பார்க்கிற டொப்ளர் ஸ்கேனுக்குத் திகதி கொடுத்திருந்தால், பேர் போடுகிற நாள், ஒரு நாள் சம்பளம் போகிறதே என்று தள்ளிவைக்காதீர்கள். அதற்கு முன்னாலேயே பிரஷர் மெல்ல ஏறினால் கிளினிக் கொப்பியோடு போங்கள், இரவில் படுக்க முடியாமல் மூச்சு முட்டினால் திகதிக்குக் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு.