புயல் எச்சரிக்கை போல ஒரு திகில் அடுக்கு

வணக்கம், நேயர்களே. கிராம நூலகத்திலும் கோயில் சங்க வாசகசாலையிலும் வேலை பார்ப்பவர்களுக்காக இன்றைய பேச்சு: திகில் புத்தகங்களை எப்போது, எப்படி அடுக்கி வைப்பது?

நம் மொரீஷியஸ் தீவில் நவம்பர் பிறந்தால் கோடை. பள்ளிக்கூடம் மூடினால் ஜனவரி வரை விடுமுறை. மழையும் புயலும் அதே மாதங்களில்தான் வரும். கடலுக்குப் போகக் கிளம்பியவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார வேண்டியிருக்கும். திகில் கதைக்கு இதைவிட ஏற்ற பருவம் இல்லை. 1815இல் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்ததில் மறு வருடம் ஐரோப்பாவில் கோடையே கெட்டுப்போனது. ஜெனீவா ஏரிக்கரையில் மழைக்கு ஒதுங்கிக் கிடந்த சில நண்பர்கள் ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவதென்று போட்டி வைத்தார்கள். மேரி ஷெல்லி ‘ஃபிராங்கென்ஸ்டைன்’ நாவலைத் தொடங்கியது அங்கேதான். 1818இல் அது அச்சாயிற்று.

ஹாலோவீனைப் பார்த்து அக்டோபர் கடைசியில் திகில் புத்தகங்களை அடுக்கி, ஒரு வாரத்தில் எடுத்துவிடுவது வீண். அது நம் பிள்ளைகளுக்குத் தேர்வுக் காலம். விடுமுறையின் முதல் சனிக்கிழமை அடுக்குங்கள், ஜனவரி நடுவில் எடுங்கள். தைப்பூசக் காவடிக்கு விரதம் தொடங்கிவிட்டால் பல வீடுகளில் பேய்ப் புத்தகத்தைத் தொடமாட்டார்கள். அந்த நாட்களில் வற்புறுத்தவும் வேண்டாம்.

திகில் புத்தகத்தை எடுக்கத் தயங்குபவருக்குப் பேய் பிடிக்காது என்று நினைத்துவிடாதீர்கள். இது எவ்வளவு பயமுறுத்தும் என்று தெரியாததுதான் அவருடைய தயக்கம். அதை முதுகுப்பட்டையிலேயே சொல்லிவிடலாம். புயல் எச்சரிக்கையில் ஒன்று முதல் நான்கு வரை வகுப்பு உண்டு என்பது இங்கே குழந்தைக்கும் தெரியும். அதே எண்களைப் போடுங்கள். ஒன்று என்றால் பேய் வரும், ஆனால் சிரிக்க வைக்கும். இரண்டு, இரத்தம் இல்லாத பயம். மூன்றில் சாவு உண்டு, முடிவும் நிம்மதி தராது. நான்கில் கொடூரம் விவரமாகவே வரும். வண்ணப் பொட்டு ஒட்டினால் வெயிலில் வெளுத்துவிடும். கறுப்பு மையால் எண்ணை எழுதி, மேலே கண்ணாடி நாடா ஒட்டுங்கள். குழந்தையோ வளர்ப்புப் பிராணியோ சாகும் கதையானால் முன்னட்டையின் உட்புறம் ஒரு வரி எழுதி வையுங்கள். நான்காம் எண் புத்தகத்தையே ஒரே மூச்சில் வாசிப்பவர்கூட அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிடுவதுண்டு. இந்த எண்ணை வயதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அறுபது வயதுக்காரர் ஒன்றாம் எண் கேட்டால் சிரிக்காமல் கொடுங்கள்.

திகில் புத்தகங்களை அடுக்கும் மேசை, புத்தகம் பதிவு செய்யும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கட்டும். குழந்தைகள் மூலையிலிருந்து பார்த்தால் தெரியக்கூடாது. இருபது புத்தகம் போதும், எல்லாம் அட்டை தெரியும்படி நிற்கவேண்டும். பின்னால் இன்னும் இருபது கையிருப்பு இல்லாமல் தொடங்காதீர்கள். முதல் வாரத்திலேயே பாதி போய்விடும், பாதி காலியான மேசையை யாரும் நெருங்குவதில்லை. தொடர்கதையில் முதல் பாகம் வெளியே போயிருந்தால் இரண்டாம் பாகத்தையும் உள்ளே எடுத்துவிடுங்கள். ஜன்னல் வெயில் படும் இடம் ஆகாது, சிவப்பு மைதான் முதலில் மங்கும். பழுப்புக் காகிதத்தில் சுற்றி, உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாமல் கொடுக்கும் விளையாட்டு வைப்பதானால், பட்டைக்குறியை (பார்கோடு) நகலெடுத்து வெளியே ஒட்டுங்கள். இல்லாவிட்டால் பதிவு செய்யும்போது ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டிவரும்.

கதை வாசிப்புக் கூட்டத்தை இரவில் வைக்கத்தான் ஆசை வரும். டிசம்பரில் ஆறரை மணிக்கும் வெளிச்சம் போகாது, இருட்டிய பிறகு கிராமத்துக்குப் பஸ் கிடைப்பது கஷ்டம். மதியம் இரண்டு மணிக்குத் திரையை இழுத்துவிட்டு, டார்ச் விளக்கில் நடத்துங்கள். காகிதம் நிறைந்த இடத்தில் மெழுகுவர்த்தி கூடவே கூடாது. ஒரு புத்தகத்துக்கு இரண்டு நிமிடம், ஒரு பக்கத்துக்கு மேல் வாசிக்க வேண்டாம். கதவு திறப்பதற்கு முந்தைய வரியில் நிறுத்துங்கள். பேயைக் காட்டிவிட்டால் அப்புறம் யார் எடுத்துப் போவார்கள்?

உள்ளூர்ப் பயத்தையும் பக்கத்தில் வையுங்கள். 1994இல் ஹொலாண்டா புயல் அடித்து ஓய்ந்தபின், மின்சாரம் இல்லாத இரவுகளில் ‘துனி மின்வி’ என்ற நள்ளிரவு ஓநாய்மனிதன் அலைகிறான் என்ற வதந்தி ஊர் ஊராகப் பரவியது. தேசிய நூலகத்தில் பழைய செய்தித்தாள்கள் உண்டு, அக்காலச் செய்தி ஒன்றை நகலெடுத்து மேசையில் வைத்தால் அட்டைப்படத்தைவிட அது ஆளை இழுக்கும். கேலியாகத் தலைப்பு எழுதிவிடாதீர்கள், அந்த இரவுகளில் கம்போடு காவல் இருந்தவர்கள் இன்னும் நம் வாசகர்கள்தான்.

தமிழ்ப் புத்தகத்தைத் தமிழ் அலமாரியிலேயே விட்டுவிடாமல் பிரெஞ்சு, ஆங்கிலத்தோடு கலந்து வையுங்கள். வகுப்பில் தமிழ் படிக்கும் பிள்ளைக்கு நாவல் நீளம். விக்கிரமாதித்தன் வேதாளம் கதைகள் ஒன்றாம் எண், புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’ இரண்டு, ஒரே உட்காரலில் முடிக்கலாம். இரத்தக் கணக்குப் பார்த்தால் கலிங்கத்துப்பரணியில் பேய்கள் போர்க்களத்துப் பிணங்களைக் கொண்டு கூழ் சமைக்கும் பகுதிக்கு நான்குதான் போடவேண்டும். திகில் புத்தகத்துக்கு ஆட்சேபிக்கும் பெற்றோரிடம், அதையே பாடமாக வைத்திருக்கிறார்களே என்று சொல்லிப் பாருங்கள், பெரும்பாலும் பேச்சு அங்கேயே இளகும். அப்போதும் வேண்டாம் என்றால் புத்தகத்தைத் திரும்ப வாங்கி வைத்துவிடுங்கள், வாதம் வேண்டாம்.

புத்தகம் திரும்பி வரும்போது ஒரு வேலை இருக்கிறது. காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நின்றால் பூஞ்சை பிடிக்கும், கறுப்பு அட்டையில் அது வெள்ளைப் புள்ளியாக உடனே தெரியும். அப்படி வந்ததை மற்றவற்றோடு சேர்க்காமல் தனியே காகிதப் பையில் போடுங்கள். நிழலில், விசிறிக் காற்று நேராகப் படாத காற்றோட்டமான இடத்தில் விரித்து வைத்து நன்றாக உலர்ந்த பிறகு, முகமூடி கட்டிக்கொண்டு வெளி முற்றத்தில் மென்மையான தூரிகையால் துடையுங்கள். ஈரமாக இருக்கும்போதே துடைத்தால் கறை அட்டைக்குள் இறங்கிவிடும்.