கொக்கரிப்புக்குப் போட்ட வழக்கு

நடுவர் அவர்களே! ‘ஹ்யூப்ரிஸ் என்றால் மனசுக்குள் ஏறும் கர்வம்’ என்று எதிரணித் தலைவர் ஆங்கில அகராதியைத் தூக்கிக் காட்டினார். அது மனசில் இருப்பதல்ல, கையால் செய்வது என்பது எங்கள் கட்சி. அகராதி பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சொல் ஆங்கிலத்துக்குள் வந்ததே 1884 வாக்கில்தான். புகுந்த வீட்டுப் பெயரைச் சொன்னவர் பிறந்த வீட்டை விசாரிக்கவில்லையே!

பிறந்த வீடு கிரேக்கம். பழங்கால ஏதென்ஸ் நகரில் ஹ்யூப்ரிஸ் என்பது ஒரு வழக்கின் பெயர். சிறுவர், பெண், ஆண், ஏன், அடிமைக்கு இழைத்தாலும் குற்றம். பாதிக்கப்பட்டவர்தான் வர வேண்டும் என்பதில்லை, குடிமகன் யாரும் வழக்குப் போடலாம். ஆனால் தீர்ப்புச் சொல்லும் குடிமக்களின் வாக்குகளில் ஐந்தில் ஒரு பங்குகூட விழாவிட்டால், போட்டவருக்கே 1000 திராக்மா (அந்த ஊர் நாணயம்) அபராதம். அடுத்தவன் மனசுக்குள் இருக்கும் கர்வத்தை நம்பி யாராவது இவ்வளவு பணத்தைப் பணயம் வைப்பார்களா?

அப்படியானால் அடித்தாலே ஹ்யூப்ரிஸா? இல்லை. வெறும் அடிதடிக்கு ‘அய்க்கியா’ என்று தனி வழக்கு உண்டு. அதை அடிபட்டவர்தான் போட வேண்டும். லாபமும் இல்லாமல், பழிதீர்க்கவும் இல்லாமல், எதிராளி கூனிக் குறுகுவதைப் பார்த்து மகிழ்வதற்காகவே அவரை அவமானப்படுத்துவதுதான் ஹ்யூப்ரிஸ் என்கிறார் அரிஸ்டாட்டில்.

ஏதென்ஸின் பேச்சாளர் டெமாஸ்தனிஸ் எழுதிக்கொடுத்த ஒரு வழக்குரையைப் பாருங்கள். அரிஸ்டன் என்ற இளைஞனின் மேலாடையை உருவி, சேற்றில் தள்ளி, உதடு கிழிய மிதித்தது ஒரு கூட்டம். போட்டது என்னவோ அடிதடி வழக்குதான். ஆனாலும் ஹ்யூப்ரிஸுக்கு அடையாளம் என்று அந்த உரை எடுத்துக் காட்டுவது மிதியை அல்ல. கீழே கிடந்தவன் மேல் நின்று, ஜெயித்த சேவல் போலக் கூவினான் அந்தக் கூட்டத்தில் இருந்த கோனோன். கூட்டாளிகள் உசுப்பேற்ற, முழங்கைகளை இறக்கையாக்கி விலாவில் அடித்துக்கொண்டான். நம் தமிழில் ‘கொக்கரித்தான்’ என்போமே, அதேதான் ஐயா! கர்வம் இல்லாமல் சேவல் கூவுமா என்பீர்கள். கூவாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கூவுகிற வரைக்கும் வழக்கு இல்லை.

கர்வத்துக்கு உதாரணமாக, கிரேக்கத்தின் மேல் படையெடுத்த பாரசீக மன்னன் செர்க்ஸஸையும் இழுத்தீர்கள். அவனைப் பற்றிக் கிரேக்கர் ஈஸ்கிலஸ் எழுதிய நாடகத்தில் தெய்வத்தை மதிக்காத எண்ணமும் சொல்லப்படுகிறது, மறைக்கவில்லை. ஆனால் கூடவே வரும் குற்றப்பட்டியலைப் படியுங்கள்: பாரசீகப் படையினர் சிலைகளைக் கொள்ளையடித்தார்கள், கோயில்களைக் கொளுத்தினார்கள். அத்தனையும் கை செய்த வேலை.

கர்வத்துக்குக் கிரேக்கப் புராணத்து இக்காரஸைக் காட்டுவீர்கள்: மெழுகால் ஒட்டிய இறக்கையோடு சூரியனுக்குப் பக்கத்தில் பறந்தான், மெழுகு உருகியது, விழுந்தான். சரி, அவன் யார் மேல் ஏறி நின்று கூவினான்? எதிரணியில் அடுத்து வருகிறவர் பதில் சொல்லட்டும்.